தோலுக்கு ஒரு மாதம், எலும்புக்கு ஓராண்டு

முதல் நாள் வெறுங்காலில் நான் ஓடியது நானூறு மீட்டர் இருக்கும். திருவான்மியூர் கடற்கரைச் சாலையில், விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு, ஷூவைக் கழற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் புறப்பட்டேன். ஆனாலும் ஒருவர் பார்த்துவிட்டார். வலை மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த மீனவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "இன்னா சார், செருப்பு அறுந்துடுச்சா?" என்று கேட்டார். அவர் காலிலும் செருப்பு இல்லை. பேன்ட் போட்ட ஒருவன் வெறுங்காலில் வந்தால் அதற்கு ஒரு விபத்துதான் காரணமாக இருக்க முடியும் என்ற அவருடைய கணிப்பில் தவறு ஏதும் இல்லை.

அது 2018. எனக்கு வயது 41. வங்கிக் கிளையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. அதற்கு ஈடாகக் காலையில் ஓட்டம். அரை மராத்தானுக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கியதும் வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு வலி வந்து குடியேறியது. ஐந்தாவது கிலோமீட்டரில் தவறாமல் ஆஜராகும். படியில் இறங்கும்போது சுருக்கென்று குத்தும். இரண்டு ஆண்டுகளில் மூன்று ஜோடி ஷூ மாற்றினேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தடிமனான மெத்தை, முந்தையதைவிட அதிக விலை. வலி மட்டும் அதே இடத்தில் இருந்தது. எங்கள் ஓட்டக் குழுவில் மூத்தவர் ஒருவர், "ஒரு வாரம் ஷூ இல்லாமல் கொஞ்சம் ஓடிப் பாருங்கள், எங்கே தப்பு செய்கிறீர்கள் என்று காலே சொல்லும்" என்றார். அவர் ஒரு வாரம் என்றுதான் சொன்னார். நான் அதை ஐந்து ஆண்டுகளாக நீட்டிவிட்டேன். நடுவில் ஒரு முறை எலும்பை விரிசல் விடச் செய்துகொண்டதற்கும் அவர் பொறுப்பல்ல.

ஷூ போட்டு ஓடியவரையில் தார்ச்சாலை என்பது எனக்கு ஒரே பொருளாக இருந்தது. அது ஐந்தாறு வெவ்வேறு பொருள்கள் என்பது உள்ளங்கால் பட்ட பிறகுதான் தெரிந்தது. புதிதாகப் போட்ட சாலை கிட்டத்தட்டப் பாய் விரித்தாற்போல இருக்கும். நான்கு மழைக்காலம் பார்த்த சாலையில் தார் தேய்ந்து ஜல்லியின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் இருநூறு அடி ஓடினால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஓரத்து வெள்ளைக் கோடு வழுவழுப்பானது, வெயில் ஏறிய பிறகும் தாரைவிடக் குளிர்ச்சியானது. அரை அடி அகலத்தில் எனக்காகவே போட்ட ராஜபாட்டை. நடைபாதையில் பதித்திருக்கும் பேவர் பிளாக் பார்ப்பதற்கு நல்லபிள்ளை. இடுக்குகளில் சுண்டுவிரல் மாட்டும்போதுதான் அதன் குணம் தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலை இதமாக இருக்கிறதே என்று கூடுதலாக ஓடினால், ஊறி மெத்தென்று ஆன தோல் வழக்கத்தைவிடப் பாதித் தூரத்திலேயே உரிந்துவிடும்.

வெறுங்கால் என்றதும் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "மணலில் ஓடுங்களேன், மெத்தென்று இருக்குமே" என்பது. அது எனக்குச் சரிப்படவில்லை. காய்ந்த மணலில் ஒவ்வோர் அடியிலும் குதிகால் கீழே புதையும். கெண்டைக்காலும் குதிகால் நாணும் கூடுதலாக இழுபடும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால், ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக, நொண்டியைப் போல ஓட நேரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மணல் நம் தவறுகளை மன்னித்துவிடுகிறது. எப்படித் தப்பாகக் காலை வைத்தாலும் வலிக்காது. வலிக்காததால் எதுவும் மாறாது. நான் கற்றுக்கொண்டதெல்லாம் கெட்டியான, சமதளமான, ஈவு இரக்கமற்ற சாலையில்தான்.

அங்கே நடந்தது இதுதான். ஷூவோடு ஓடும்போது நான் காலை வெகுதூரம் முன்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அடித்து இறங்கிக்கொண்டிருந்தேன். வெறுங்காலில் அதே மாதிரி இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடியை உடம்பு வைக்க விடவில்லை. யாரும் சொல்லித் தராமலே அடி குறுகியது, முழங்கால் சற்று மடங்கியது, பாதத்தின் முன்பகுதியின் வெளியோரம் முதலில் தரையைத் தொட்டு, அதன் பிறகு குதிகால் மெல்ல வந்து அமர்ந்தது. ஒரு நிமிடத்திற்கு வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்கிப் பார்த்தேன். ஷூவோடு நிமிடத்திற்கு 158 அடி என்றிருந்தது, சில வாரங்களில் 174 ஆனது. சத்தமும் போய்விட்டது. எங்கள் தெருவில் படுத்திருக்கும் நாய்கள் ஷூச் சத்தத்தைத் தொலைவிலிருந்தே கேட்டு, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்பவை. வெறுங்காலில் நான் அருகில் போய்ச் சேரும்வரை அவற்றுக்குத் தெரிவதில்லை. பதறி எழுந்து குரைக்கும். இப்போதும் வளைவில் திரும்பும்போது ஒரு முறை கைதட்டிவிட்டுத்தான் திரும்புகிறேன்.

இந்த மாற்றத்திற்கு ஆய்வு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, பழக்கமாக வெறுங்காலில் ஓடுபவர்களையும் ஷூவோடு ஓடுபவர்களையும் ஒப்பிட்டது. குதிகாலில் இறங்கினால், தரையைத் தொட்ட மாத்திரத்தில், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள், உடல் எடையைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரையிலான விசை திடீரென்று ஏறுகிறது; முன்பாதத்தில் இறங்குபவர்களிடம் அந்தத் திடீர் மோதல் பெரும்பாலும் காணப்படவில்லை. உலகமெங்கும் ஓட்டக்காரர்கள் அந்த ஆண்டில் ஷூவைக் கழற்றி வீச இந்தக் கட்டுரையும் ஒரு காரணம். ஆனால் 2013-இல் வட கென்யாவின் தாசனச் மக்களிடம் செய்த ஆய்வு, வாழ்நாள் முழுவதும் வெறுங்காலோடு இருக்கும் அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு வசதியான மிதவேகத்தில் ஓடும்போது குதிகாலிலேயே இறங்குகிறார்கள் என்று காட்டியது. ஆகவே 'இயற்கையான ஓட்டம்' என்று ஒன்றைக் குறிப்பிட்டு யாராவது விற்க வந்தால் நான் சற்றுத் தள்ளி நின்றே கேட்கிறேன்.

என் முழங்கால் வலி மூன்று மாதத்தில் போயிற்று. போன வலி எங்கே போயிற்று என்பதை நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். முழங்காலிலிருந்து சுமை மாயமாக மறையாது; கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் பாதத்தின் எலும்புகளுக்கும் அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். முதல் வாரத்தில் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் கெண்டைக்கால் கட்டையாக இருக்கும். குளியலறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். இருபது ஆண்டுகளாகத் தடித்த குதிகாலுள்ள காலணிக்குள் குறுகிக் கிடந்த தசை, முழு நீளத்துக்கு நீண்டு வேலை செய்யச் சொன்னதும் முறைத்துக்கொண்டது. அது முறைப்பதோடு நிறுத்திக்கொண்டதே பெரிய விஷயம்.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது தோல். நானூறு மீட்டரில் உள்ளங்கால் எரிந்தது, நின்றேன். இரண்டாம் வாரம் எண்ணூறில் எரிந்தது, நின்றேன். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்தபோது, காலைத் தரையில் திருகித் தள்ளுகிறேன் என்று புரிந்தது. இரண்டாம் விரலுக்கு அடியில் வந்தபோது, காலை முன்னால் நீட்டி பிரேக் போடுகிறேன் என்று புரிந்தது. கொப்புளம் என்பது உராய்வின் கணக்கு. எங்கே வருகிறதோ அங்கே தேவையற்ற இழுப்பு இருக்கிறது. காலைத் தள்ளாமல் தூக்கி எடுக்கப் பழகியதும் கொப்புளம் வருவது நின்றது. நான் எதிர்பார்த்தபடி ஆணிபோல் காய்ப்பும் விழவில்லை. உள்ளங்கால் தோல் முழுக்க ஒரே சீராகத் தடித்து, பழைய பர்ஸின் தோலைப்போல வழுவழுப்பாகிவிட்டது. தடித்தால் உணர்ச்சி மரத்துப் போகுமோ என்ற பயம் இருந்தது. மேற்குக் கென்யாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து 2019-இல் வெளியான ஆய்வொன்று, நடந்து நடந்து தடித்த தோல் பாதுகாப்பைக் கொடுப்பதற்காகத் தொடுவுணர்வைப் பறித்துக்கொள்வதில்லை என்று சொல்கிறது. என் அனுபவமும் அதுவே. சின்ன மணற்பருக்கை இப்போதும் தெரிகிறது; வலிப்பதில்லை.

ஒரு மாதத்தில் தோல் தயாராகிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் எரிச்சலின்றி ஓடினேன். இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன்.

தோல் தயாரானதைக் கால் தயாரானதாக எடுத்துக்கொண்டேன். தோல் சில வாரங்களில் புதிதாக வளரும். தசை வலுப்பெறச் சில மாதங்கள் வேண்டும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு; நாணும் எலும்பும் மாறும் வேகமும் குறைவு. எலும்பு புதிய சுமைக்கேற்ப முதலில் பழையதைக் கரைத்து, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது, ஆகவே நடுவில் சில வாரங்களுக்கு அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கிறது. இந்த நான்கும் நான்கு வேகத்தில் நகர, என் ஆசை மட்டும் ஐந்தாவதாக எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு, தோலின் எரிச்சல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் என்னை நிறுத்திவிடுகிறதே என்ற பொறுமையின்மையில், வெறுங்காலுக்கு நிகரானது என்று விளம்பரம் செய்யப்பட்ட, வெறும் நான்கு மில்லிமீட்டர் ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஒரு மெல்லிய ஷூவை வாங்கினேன்.

அதைப் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினேன். எரிச்சல் இல்லை, கொப்புளம் இல்லை, பறந்தது போல இருந்தது. வாசலில் கத்திக்கொண்டிருந்த காவலாளியின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று மகிழ்ந்த கதைதான். நான்காவது வாரம் வலது புறங்காலில், இரண்டாம் விரலுக்கு நேர் மேலே ஓர் இடத்தில் விண்விண்ணென்று வலித்தது. விரலால் அழுத்தினால் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் வலி அடங்கியது. தசை வலி பரவும். எலும்பு வலி சுட்டிக்காட்டும்படி ஓரிடத்தில் நிற்கும். இது எனக்கு அப்போது தெரியாது. இன்னும் பத்து நாள் ஓடினேன். பிறகு எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை; ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாதாம். எம்.ஆர்.ஐ. எடுத்ததும் இரண்டாவது பாத எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. "என்ன சார், பட்டாளத்துல சேர்ந்தீங்களா?" என்று மருத்துவர் சிரித்தார். பயிற்சிக்குச் சேர்ந்த புதுச் சிப்பாய்களுக்கு அதிகம் வரும் காயம் என்பதால், அணிவகுப்பு முறிவு என்றே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

எட்டு வாரம் ஓட்டமில்லை. உட்கார்ந்து படித்தபோதுதான் நான் ஒன்றும் புதுமையாகச் சாதித்துவிடவில்லை என்று தெரிந்தது. அனுபவமுள்ள ஓட்டக்காரர்களைப் பத்து வாரங்களில் மெல்லிய ஷூவுக்கு மாற்றிப் பார்த்த 2013-ஆம் ஆண்டின் ஆய்வில், அந்த ஷூ அணிந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாத எலும்புகளின் உட்புறத்தில் வீக்கம் கூடியிருந்தது. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ஷூவைத் தயாரித்துப் பெரும்புகழ் பெற்ற நிறுவனம், உடல்நலப் பலன்களை மிகைப்படுத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2014-இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனது. மெத்தை ஷூ பாதத்தைத் தாங்குகிறது, வெறுங்கால் எச்சரிக்கிறது, மெல்லிய ஷூவோ இரண்டையும் செய்வதில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றிலும் ஆபத்தானது அதுதான் என்பது என் முடிந்த முடிவு. மறுபடி ஓடத் தொடங்கியபோது, தோல் எங்கே நில் என்றதோ அங்கே நின்றேன். ஐந்து கிலோமீட்டரை எட்ட எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

காலைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்த அந்த எட்டு வாரத்தில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விளக்கெண்ணெயை என் குதிகால் வெடிப்பில் தடவிக்கொண்டே, "காசு குடுத்து வாங்குன ஷூவ வூட்ல வெச்சிட்டு வெறுங்கால்ல ஓடனியாமே?" என்றாள். அவளுக்குப் புரியட்டும் என்று, மங்களூர் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைச் சோதித்து 1992-இல் எழுதியதைச் சொன்னேன்: காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம், அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 பேருக்கு மட்டுமே. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்க யாருக்கும் தட்டக் கால் இல்லடா. அத வெச்சிகினு இன்னா பண்ணோம்?"

தாத்தாவிடம் ஒரு டயர் செருப்பு இருந்ததாம். எங்கள் தெரு முடிந்து ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம். அந்த மரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவைக் கடந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். கையில் செருப்பு இருந்தும் கால் சுட நடந்தவரின் பேரன், ஏழாயிரம் ரூபாய் ஷூவைப் பூட்டி வைத்துவிட்டு, கால் எதையெல்லாம் உணர்கிறது என்று ரசித்து ரசித்து ஓடுகிறான். அப்பா முதல் சம்பளக் கடனில் எனக்குக் கான்வாஸ் ஷூ வாங்கித் தந்ததற்கு எட்டாம் வகுப்பு விளையாட்டுப் போட்டி மட்டும் காரணமில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. வெறுங்காலின் பெருமையைப் பற்றி யாராவது குழுவில் பேசத் தொடங்கினால், எனக்கு அந்தப் புளியமரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன். அதற்காக ஓடுவதை நிறுத்தவும் இல்லை. அம்மாவும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊருக்கு வரும்போது மட்டும் ஷூ போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. அவர்களுக்குச் சின்னக் காயமும் காலைப் பறிக்கலாம். டெட்டனஸ் தடுப்பூசி நாள்பட்டுப் போயிருந்தால் டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழு இருக்கும். அது தோலைத் துளைத்து உடம்புக்குள் போவது, ஆகவே குளக்கரை, புதர் ஓரம் எல்லாம் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு தார் கொதிக்கும். சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். கண்ணாடிச் சில்லைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்து ஆண்டில் எனக்கு இரண்டு முறைதான் ஏறியது. பார்த்து ஓடினால் கண்ணாடி மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நெருஞ்சி முள்தான் மினுங்காது. இடுப்புப் பையில் ஒரு சிறிய இடுக்கியும் பிளாஸ்திரியும் எப்போதும் உண்டு.

இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், அதில் இரண்டு நாள் வெறுங்கால், எட்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. நீண்ட ஓட்டமும் ஜல்லி பெயர்ந்த சாலையும் ஷூவுக்கு. எங்கள் குழுவின் இளைஞர்கள் இதைக் கேட்டு, "எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மராத்தானை 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினாரே" என்பார்கள். வாங்கினார், அன்றைக்கு அது உலகின் மிகச் சிறந்த நேரமும்கூட. கிடைத்த புது ஷூ காலுக்குப் பொருந்தாததால், பழகிய வெறுங்காலிலேயே ஓடிவிட முடிவு செய்தவர் அவர். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில், குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட நிறைவதற்குள், பொருந்திய ஷூவைப் போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் ஓடி மறுபடியும் தங்கம் வாங்கியதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

போன ஆகஸ்ட் கடைசியில், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்தன்று, எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். நானும் வெறுங்காலோடு எதிரே ஓடி வந்தேன். கூட்டத்துக்கு வழிவிட ஓரமாக நின்றேன். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, தன் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்திருந்தார். என் காலைப் பார்த்தார்.

"வேண்டுதலா தம்பி?"

"இல்லம்மா. முட்டி வலி."

அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கும் முட்டி வலிதான், அதுக்குத்தான் வேண்டிகினு நடக்கிறேன்" என்றார். பிறகு வெள்ளைக் கோட்டைக் காட்டி, "நடுவுல நடக்காத, கோட்டு மேல வா, சுடாது" என்று சொல்லிவிட்டு, தானும் கோட்டின் மேல் ஏறி நடக்கத் தொடங்கினார்.